தராசு கண்ட காரீயம்

பிப்ரவரி 6. மாதிரி 418. எடுத்த எடை 0.5012 கிராம்.
பிப்ரவரி 9. மாதிரி 418. காரீயம், கிலோவுக்கு 914 மில்லிகிராம். அனுமதி 20.
பிப்ரவரி 9. வெறும் கிண்ணம். காரீயம் 0.
பிப்ரவரி 23. மாதிரி 431. காரீயம், கிலோவுக்கு 921 மில்லிகிராம்.
ஏப்ரல் 20. நொறுங்கிய விரல்கள் 4. உடைந்த கண்ணாடிப் பாத்திரங்கள் 116.
ஏப்ரல் 22. உடைந்த பித்தளை அச்சுகள் 42. உடைந்த முழங்கால் 1. தலையில் தையல் 31.

இவை எல்லாம் ஒரே வருடத்துக் கணக்கு. நான் அந்த ஆய்வுக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் மாதிரிப் பதிவேடு எழுதியவன். வந்த பொருள், வந்த தேதி, எடை, யார் கையில் கொடுத்தேன், முடிவு என்ன, இவ்வளவுதான் என் வேலை. மேலே உள்ள வரிகள் என் பதிவேட்டிலிருந்தும் மருத்துவமனைச் சீட்டிலிருந்தும் காவல் நிலையத்துப் புகார் நகலிலிருந்தும் எடுத்தவை. எல்லா வரியும் ஒருத்தியைச் சுற்றியவை. அவளை நாங்கள் தராசு என்று கூப்பிட்டோம்.

பெயர் வந்த காரணம் சாதாரணமானது. தேநீரில் சர்க்கரை போடும்போதுகூட அவள் கரண்டியை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தட்டிச் சமன் செய்துதான் போடுவாள். கேன்டீன்காரர் உள்ளே குரல் கொடுப்பார்: "தராசம்மாவுக்கு ஒரு டீ! சர்க்கரை ஒரு ஸ்பூன், புள்ளிக்கு அப்புறம் நாலு சைபர்!" அவள் சிரிக்க மாட்டாள். "மூணு சைபர் போதும்ணே, உங்க ஸ்பூன் அவ்வளவு யோக்கியம் இல்ல" என்பாள்.

அவளுடைய அப்பா பழைய லாரி பேட்டரிகளை உடைப்பவர். சம்மட்டியால் பெட்டியைப் பிளந்து, உள்ளிருக்கும் காரீயத் தகடுகளை உருக்கிக் கட்டியாக்கி விற்பார். உலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். புகை எந்தப் பக்கம் போவது என்று சுவரைக் கேட்காது. தராசுக்கு மூன்று வயது இளைய தம்பி ஒருவன். நான்கு வயதில் வாய் ஓயாமல் பேசியவன், ஏழு வயதில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறினான். அப்பாவுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. பெல்ட், விறகு, குறடு, எது கையில் கிடைத்ததோ அதனால் அடித்தார்.

ஒருநாள் தகடுகளை எண்ணச் சொன்னார். பதினொன்று வரை வந்து பையன் நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் பதினொன்றில் நின்றான். அப்பா இடுக்கியைத் திருப்பிப் பிடித்து அவன் காதோடு சேர்த்து அடித்தார். காதிலிருந்து வந்த ரத்தம் தகடுகளின் மேல் சொட்டியது. அந்த இடது காது அன்றோடு போயிற்று. தராசுக்கு அப்போது பதினான்கு வயது. சம்மட்டியை எடுத்தாள். தோள்வரை தூக்க முடியவில்லை, இடுப்புவரைதான் வந்தது. அங்கிருந்து அப்பாவின் கால் மேல் போட்டாள். இரண்டு கால்விரல்கள் கூழாகிவிட்டன. அவர் சாகும்வரை நொண்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், விடுமுறையில் வீட்டுக்குப் போய் உத்தரத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு காகிதத்தில் கொண்டு வந்தாள். பதிவேட்டில் ஏற்றச் சொன்னாள். சொந்தப் பொருளுக்கு எண் கொடுக்க முடியாது என்றேன். எண் இல்லாமலே செய்தாள். நூற்றுக்கு நான்கு பங்கு காரீயம்.

முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், எங்கப்பா அவனை அடிச்சது ஒரு பக்கம். அதுக்கு முன்னாலயே வீடு அவனை அடிச்சிருக்கு. அது யார் கண்ணுக்கும் தெரியல."

அதன்பிறகு காரீயம் பார்க்கும் வேலை எது வந்தாலும் அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். தம்பியைத் தன்னோடு அழைத்து வந்து, ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டாள். நான் சொல்லும் வருடத்தில் அவனுக்கு நாற்பத்தொரு வயது.

உதட்டுச்சாயத்தில் காரீயம் பார்ப்பது எரிச்சலான வேலை. மெழுகும் எண்ணெயும் அமிலத்தில் கரையாமல் மேலே மிதக்கும். அதனால் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் அரை கிராம் எடுத்து, முதலில் சூளையில் சாம்பலாக்க வேண்டும். சூடு நானூற்றைம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காரீயமே ஆவியாகிப் போய்விடும், விஷம் இருந்த பொருள் சுத்தமானதாகத் தெரியும். அவசரக்காரர்கள் செய்யும் தப்பு அது. தராசு ஒரு முக்காலி போட்டுச் சூளையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கூடவே ஒன்றுமே போடாத ஒரு வெறும் கிண்ணமும் எல்லாக் கட்டங்களையும் கடந்து வரும். அதில் காரீயம் தெரிந்தால் அழுக்கு எங்களுடையது. தெரியாவிட்டால் அழுக்கு பொருளுடையது.

418 ஒரு மலிவான சிவப்பு லிப்ஸ்டிக். பேருந்து நிலையங்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் விற்றது. கடை ஆய்வாளர் ஒரே பெட்டியிலிருந்து பன்னிரண்டு குச்சிகள் வாங்கி வந்தார். முறைப்படி மூன்று பங்கு. ஒன்று சோதனைக்கு, ஒன்று முத்திரை வைத்துப் பீரோவில் இருப்புக்கு, ஒன்று தயாரித்தவருக்கு. வழக்கு வந்தால் இருப்புப் பங்கை வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி இரண்டாம் முடிவு வாங்குவார்கள். இருப்பு இல்லாவிட்டால் முதல் முடிவும் செல்லாது.

இவ்வளவும் வெளியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. பத்து மாதிரிக்கு ஒன்று வீதம், பதிவேட்டுக்காரன் ஒரு இரட்டையை நுழைக்க வேண்டும். அதே பொருளை அதன் உறையிலிருந்து வெளியே எடுத்து, வெறும் பாட்டிலில் போட்டு, வேறு எண்ணும் இல்லாத ஒரு கம்பெனியின் பெயரும் எழுதி, கொஞ்ச நாள் கழித்து அதே பரிசோதகரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு முடிவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக. இரட்டைக்கும் ஒரு இருப்புப் பங்கு உண்டு, அதற்கும் ஆய்வாளர் எதிரிலேயே அரக்கு முத்திரையும் அவர் கையெழுத்தும் உண்டு. எது எதற்கு இரட்டை என்பது என் சின்ன நோட்டில் மட்டும் இருக்கும். ஜூன் முடிவில்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். 418-இன் இரட்டை 431.

பிப்ரவரி 23 அன்று தராசு தாளோடு வந்தாள். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"சார், இன்னொருத்தனும் இதே வேலைதான் பண்றான். 431. தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு! ரெண்டு பேரும் ஒரே இடத்துல சாயம் வாங்கறானுங்களா? இந்தக் கம்பெனி எங்க இருக்கு? ஆய்வாளரை உடனே அனுப்பச் சொல்லுங்க."

அந்தக் கம்பெனி என் பேனா முனையில் இருந்தது. "விசாரிக்கிறேம்மா" என்றேன். மறுநாளும் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அவளைக் கண்டால் நான் கழிப்பறைப் பக்கம் நழுவினேன். "சாருக்கு வயித்துல ஏதோ கோளாறு, தினம் பதினொரு மணிக்கு வருது" என்று கேன்டீன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மார்ச்சில் 418-இன் முதலாளியே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எங்கள் இயக்குநர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தராசையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"உதட்டுல பூசறதுதானேம்மா? யாரும் தின்னவா போறாங்க?" என்றார் முதலாளி.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாக்கால உதட்டைத் தடவறோம்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

முதலாளி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"இப்ப ஒண்ணு" என்றாள் தராசு.

இயக்குநர் இருமினார். முதலாளியின் முகம் கறுத்தது. மறுபடியும் அவர் நாக்கு வெளியே வந்தது.

"ரெண்டு. உங்க வீட்டுப் பொண்ணு இருக்குல்ல, அதுக்கு இதைப் போட்டுவிட்டு இங்க கூட்டிட்டு வாங்க. நான் ரிப்போர்ட்டைக் கிழிச்சிடறேன்."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அவள் முகத்துக்கு நேரே வீசினார். அவள் தலையைச் சாய்த்தாள், டம்ளர் சுவரில் சிதறியது. ஒரு சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது. அவர் போன பிறகு இயக்குநர் சொன்னார்: "மாதிரி போதாதுன்னு ஒரு வரி எழுதிடேன். யாருக்கும் வம்பு இல்ல." ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "பன்னெண்டு குச்சி வந்துச்சுன்னு சார் பதிவேட்டுல எழுதியிருக்காரே. அதை என்ன பண்றது?" அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20. பகல் பன்னிரண்டு நாற்பது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்று பேர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்கள். இருவர் கையில் இரும்புக் குழாய். மூன்றாமவன் குட்டையான, தடித்த ஆள். மற்ற இருவரும் அவனைக் கட்டை என்று கூப்பிட்டார்கள்.

முதலில் கண்ணாடிகளை உடைத்தார்கள். குடுவைகள், அளவைக் குழாய்கள், நாற்பது வருடமாக யாரும் கீழே போடாத பெரிய சாடி, ஒவ்வொரு அலமாரியாக. பிறகு பீரோவை நெம்பி, 418-இன் இருப்புப் பொட்டலத்தை எடுத்துத் தொட்டியில் போட்டு, அமில பாட்டிலை அதன் மேல் கவிழ்த்தார்கள். மஞ்சள் புகை எழுந்தது. நான் தடுக்கப் போனேன். வயிற்றில் ஒரு குத்து, தரையில் விழுந்தேன். ஒருவன் என் கழுத்தின் மேல் காலை வைத்தான்.

"இதைத் தவிர வேற எங்க வச்சிருக்க?" கட்டை தராசைக் கேட்டான்.

"வேற இல்ல."

எடைபோடும் தராசுக்கு அடியில் அதிராமல் இருக்க ஒரு கனத்த கல் பலகை உண்டு. அந்த எடைக் கருவியைத் தள்ளிவிட்டு, அவள் வலது கையை அந்தக் கல்லின் மேல் விரித்து வைத்தார்கள். மாதிரி இடிக்கும் இரும்பு உலக்கையைக் கட்டை எடுத்தான். சுண்டு விரல். எலும்பு உடைந்த சத்தம் சின்னதாகத்தான் இருந்தது, அவள் கத்தியதுதான் பெரிதாக இருந்தது.

"வேற எங்க?"

"இல்லடா, நாயே! இருந்தா உன் வாயில திணிச்சிருப்பேன்!"

மோதிர விரல்.

அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்தவரை உண்மை. எனக்குத்தான் தெரியும். 431-இன் பாட்டில் அவர்கள் நெம்பிய அதே பீரோவில், இரண்டு தட்டு கீழே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "நானூத்தி" என்ற சொல்வரை வெளியே வந்துவிட்டது.

கட்டை திரும்பினான். "கிழவன் என்ன சொல்றான்?"

"அவரை விடுடா!" தராசு அலறினாள். "நானூத்திப் பதினெட்டைத்தான் சொல்ல வராரு. அந்த மனுஷனுக்கு நம்பரைத் தவிர வேற ஒண்ணும் வராது!"

என் கழுத்தில் கால் வைத்திருந்தவன் சிரித்துவிட்டான். நான் வாயை மூடினேன். நடு விரல். ஆள்காட்டி விரல்.

அப்போது சூளையின் கதவு பாதி திறந்திருந்தது. கிண்ணம் எடுக்கும் நீண்ட இடுக்கி, முனை உள்ளே இருக்க, வாயிலில் கிடந்தது. கட்டை அடுத்ததாகப் பெருவிரலுக்கு உலக்கையை ஓங்கியபோது அவள் இடது கையால் அந்த இடுக்கியை உருவி, அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. தோல் பொசுங்கும் வாடை அமிலப் புகையை மீறி வந்தது. அவன் கத்திக்கொண்டு விழுந்தான். அவள் அவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னொரு கன்னத்திலும் வைத்தாள். மற்ற இருவரும் அவளை உதைத்துத் தள்ளிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். தம்பி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நேத்து என்னமோ சொல்ல வந்தீங்களே. நானூத்தி எத்தனை?"

"நானூத்தி முப்பத்தொண்ணும்மா. அது 418-ஓட இரட்டை."

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள். பிறகு, "431-க்கு நான் என்ன எழுதினேன்?"

"தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு."

கண்ணை மூடினாள். உதடுகள் கணக்குப் போட்டன. "ரெண்டுக்கும் ஏழுதான் வித்தியாசம். நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல, சார். முக்கால்!" அந்த வீங்கிய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. "அப்ப அந்த இன்னொரு கம்பெனி?"

"அப்படி ஒரு கம்பெனியே இல்ல."

"அதுக்குத்தான் கக்கூஸுக்கு ஓடினீங்களா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உதைபட்ட விலா வலித்ததும் நிறுத்தினாள். "கிட்ட வாங்க" என்றாள். குனிந்தேன். கொப்புளம் கட்டிய இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். என் கண்ணாடி கீழே விழுந்தது.

"இது ரெண்டாவது விரலுக்கே வாயைத் திறந்ததுக்கு."

மறுபடியும் அறைந்தாள். முன்னதைவிடப் பலமாக.

"இது மூணாவதுக்கும் நாலாவதுக்கும் மூடிட்டு இருந்ததுக்கு. சரி, பாட்டில் எங்க இருக்கு?"

"பீரோவுல. முத்திரை அப்படியே இருக்கு."

"அதைப் போய்ப் பாருங்க. என்னை அப்புறம் பாக்கலாம்."

தம்பிக்குக் காது ஒன்றுதான். நாங்கள் பேசியதில் அவனுக்கு எவ்வளவு எட்டியது என்று தெரியாது. வாசலில் என்னை நிறுத்தி ஒரே கேள்வி கேட்டான்: "அந்த லிப்ஸ்டிக்கு எங்க செய்யறாங்க?" விலாசம் பதிவேட்டில் இருந்தது, என் மனதிலும் இருந்தது. கேட்ட விவரத்தைச் சரியாகச் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டேன். இந்த வரலாற்றில் என்னுடைய பெரிய தப்பு அதுதான்.

ஏப்ரல் 22 காலை, அப்பாவின் சம்மட்டியோடு அவன் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தான். லிப்ஸ்டிக் வார்க்கும் பித்தளை அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தான். தடுக்க வந்த முதலாளியின் முழங்காலில் ஒரே அடி. காவலாளிகள் நான்கு பேர் சேர்ந்து அவன் மண்டையைப் பிளந்த பிறகுதான் சம்மட்டியை விட்டான். முப்பத்தொரு தையல், அதன்பின் சிறை.

கையில் கட்டோடு தராசு அவனைப் பார்க்கப் போனாள், நானும் கூடப் போனேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "ஏன்டா இப்படிப் பண்ணின? நம்ம கையில இருந்த கேஸைக் கொண்டுபோய் அவன் கையில குடுத்திட்டியேடா!"

அவன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டான். பிறகு சொன்னான்: "நாப்பத்திரெண்டு அக்கா. உடைக்க உடைக்க எண்ணினேன். நடுவுல நிக்கல."

காவல் நிலையத்துத் தாளில் இருந்த எண்ணிக்கையும் அதுதான். அவள் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறை.

அவள் சொன்னபடியே நடந்தது. முதலாளியின் வக்கீல் மனுப் போட்டார். இருப்புப் பங்கு இல்லை, தயாரித்தவர் பங்கும் தொலைந்துவிட்டது, பரிசோதகருக்குத் தனிப்பட்ட பகை, அவள் தம்பி கொலை செய்ய வந்தவன், அவளோ ஒருவன் முகத்தைச் சுட்டவள். ஆகவே 914 என்பது கற்பனை, அதைத் தள்ளுபடி செய்து, அவளை வேலையிலிருந்து நீக்க வேண்டும். தள்ளுபடியானால் அந்தச் சிவப்பு மறுபடி பள்ளிக்கூட வாசலுக்குப் போகும். அவளுக்கு வேலை போவதைவிட இது பெரிதாக இருந்தது.

நான் என் சின்ன நோட்டைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்தேன். இரட்டை என்பது அலுவலக உள்விவகாரம், வெளியே காட்டக் கூடாது என்றார் இயக்குநர். ஆய்வாளரின் கையெழுத்தும் அரக்கும் பாட்டிலில் இருந்தன. நீதிபதி அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, 431-ஐ வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்.

முதல் கடிதம் ஆகஸ்ட் 3 அன்று வந்தது: பாட்டில் கிடைத்தது, முத்திரை சேதமில்லை. இரண்டாவது செப்டம்பர் 14: பாட்டிலில் எழுதியுள்ள கம்பெனி எங்கும் பதிவாகவில்லை, விளக்கம் தேவை. நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பதிலே இல்லை.

அந்த இரண்டு மாதமும் தராசு தினமும் வேலைக்கு வந்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எடைபோடப் பழகினாள். முதல் நாள் அரை கிராம் எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று முறை கிண்ணத்தைக் கீழே போட்டாள். நான்காவது கிண்ணத்தை ஆத்திரத்தில் சுவரில் அடித்து உடைத்தாள். "உடைந்த கிண்ணம் நான்கு" என்று எழுதினேன். "மூணுதான் உடைஞ்சுது. நாலாவது நான் உடைச்சது. தனியா எழுதுங்க" என்றாள். தனியாக எழுதினேன்.

கடைசிக் கடிதத்தை அவள்தான் பிரித்தாள். உறையின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, இடது கையால் தாளை உதறி விரித்து, நின்றபடியே படித்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். "எழுதுங்க சார்" என்றாள். பதிவேட்டில் 431-க்கு எதிரே, இரண்டாம் முடிவுக்கான கட்டத்தில் எழுதினேன்: காரீயம், கிலோவுக்கு 908 மில்லிகிராம். வெறும் கிண்ணம், 0. வந்த தேதி, நவம்பர் 16.